காட்டைக் காப்பவர் யார்?

ஒரு தேசத்தின் காடுகளையும் மேய்ச்சல் நிலங்களையும் நீரூற்றுக்களையும் அழியாமல் காத்து வருபவர் யார் என்று வினவினால், சர்க்கார் என்பதே பெரும்பாலோர் கூறும் விடையாகும். சட்டம் இயற்றுவது சர்க்கார். வன இலாகாவை வைத்து நடத்துவது சர்க்கார். குற்றம் செய்தோர்க்கு அபராதம் விதிப்பதும் சர்க்காரே. இவ்விடை பிழையன்று, ஆயினும் முழு விடையும் அன்று. ஒரு வனக் காவலன் ஒரு நாளில் எத்தனை மைல் சுற்றி வர முடியும்? அவன் கண்ணில் படாத மரங்களை எல்லாம் வெட்டவோ விட்டுவைக்கவோ வல்லவர்கள், அம்மலையின் அடிவாரத்தில் ஆடு மாடுகளுடன் குடியிருக்கும் ஜனங்கள். விதியை வகுப்பதில் அவர்களுக்கு ஒரு குரலும், காட்டின் பலனில் ஒரு பங்கும் உண்டா இல்லையா என்பதைப் பொறுத்தே காட்டின் கதி பெரும்பாலும் அமைகிறது.

கூட்டுறவுச் சங்கங்களின் அங்கத்தினர்களுக்கு இது புதிய செய்தியன்று. அயலூர் லேவாதேவிக்காரன் தன் பாக்கியை வசூலிக்க வக்கீலையும் அமீனாவையும் நாட வேண்டியிருக்கிறது. சங்கத்தின் பாக்கியையோ, கடன் வாங்கியவனுடைய அடுத்த வீட்டுக்காரனே கவனித்துக்கொள்ளுகிறான். சங்கம் நஷ்டமடைந்தால் அவனுடைய பங்கும் போய்விடும் அல்லவா? காட்டின் விஷயத்திலும் இவ்வேற்றுமையைக் காணலாம். அதற்கு இமயமலைச் சாரலிலுள்ள குமாயூன் நாட்டின் நூறாண்டு வரலாற்றைக் காட்டிலும் தெளிவான உதாரணம் நம் தேசத்தில் கிடைப்பது அரிது.

சர்க்கார் காடு ஏற்பட்ட விதம்

இந்தியாவில் வன இலாகா 1864-ம் வருஷத்தில் ஏற்பட்டது. ஜெர்மானியரான டயட்ரிச் பிராண்டிஸ் என்பவர் அதன் முதல் தலைமை அதிகாரி. ரயில் பாதைகள் விரைவாகப் பெருகி வந்த காலம் அது. தண்டவாளத்தின் கீழே இடும் கட்டைகளுக்காகத் தேக்கும் சாலமும் தேவதாருவும் கணக்கின்றி வீழ்த்தப்பட்டு வந்தன. இந்நிலை நீடித்தால் மரமே இராது என்ற அச்சம் நியாயமானதே. 1865-ம் வருஷத்திலும், பின்னர் 1878-ம் வருஷத்திலும் வனச் சட்டங்கள் இயற்றப்பட்டன. பிந்திய சட்டம் ரிசர்வ் காடு, பாதுகாப்புக் காடு, கிராமக் காடு என மூன்று வகைகளை ஏற்படுத்தியது. முதல் வகை நாடெங்கும் விரிந்தது. கிராமக் காடு என்னும் வகையோ பெரும்பாலும் ஏட்டளவிலேயே நின்றுவிட்டது. சென்னை மாகாணத்து ரெவினியூ போர்டார், குடிகளுக்குக் காட்டில் நெடுங்கால அனுபோகம் உண்டென்று கூறி இச்சட்டத்தை ஆட்சேபித்தனர். இதனால் இம்மாகாணத்துக்கு 1882-ம் வருஷத்தில் தனிச் சட்டம் ஏற்பட்டது. 1927-ம் வருஷத்து இந்திய வனச் சட்டம் இன்றும் அமலில் இருந்து வருகிறது.

குமாயூனிலும், அக்காலத்தில் அதனுடன் சேர்ந்திருந்த பிரிட்டிஷ் கட்வாலிலும், குடியானவனுடைய வயல் மலைச்சரிவில் படிப்படியாக வெட்டிய சிறு சிறு தளங்களாகும். அவ்வயலுக்கு எரு காட்டிலிருந்து வர வேண்டும். உழவு மாட்டுக்குத் தழை காட்டிலிருந்து வர வேண்டும். அடுப்பெரிக்க விறகும் அங்கிருந்தே. பாஞ் என்று அவர்கள் வழங்கும் ஓக் மரம் இவையனைத்தையும் தருவதுடன், அதன் நிழலில் மண் ஈரம் காத்து ஊற்றுக்கள் வற்றாமல் இருப்பதும் அவர்கள் கண்டறிந்த உண்மை. ஊசி இலையுடைய பைன் மரத்தால் மாட்டுக்கும் வயலுக்கும் பயன் குறைவு. ஆனால் அதிலிருந்து பிசின் வடியும், டர்ப்பன்டைன் கிடைக்கும், ரயில் கட்டைகளும் ஆகும். எனவே வன இலாகாவுக்குப் பைன் அருமையாயிற்று. குடிகளுக்கு ஓக் உயிராயிருந்தது. எந்த மரத்தை வளர்ப்பது என்ற ஒரு கேள்விக்குள்ளேயே, யாருக்காக வளர்ப்பது என்னும் பெருங் கேள்வியும் அடங்கியிருந்தது.

1893-ம் வருஷத்தில் அளவை செய்யப்படாத தரிசு நிலம் முழுவதும் பாதுகாப்புக் காடு என்று பிரகடனம் செய்யப்பட்டது. 1911 முதல் 1917 வரையில் நடந்த ஏற்பாட்டின்படி சுமார் 3,000 சதுர மைல் ரிசர்வ் காடாயிற்று. தழை ஒடிக்கவும், மாடு மேய்க்கவும், புது மாரிப் புல்லுக்காகச் சருகைக் கொளுத்தவும் கட்டுப்பாடுகள் வந்தன. தலைமுறை தலைமுறையாக விறகு சுமந்து வந்த பெண்கள் ஒரே நாளில் குற்றவாளிகளாயினர்.

விளைவு விரைவில் தெரிந்தது. 1921-ம் வருஷம் ஜனவரி மாதத்தில், மகர சங்கராந்தித் திருவிழாவின்போது, பாகேசுவரத்தில் திரண்ட ஜனங்கள் கட்டாயச் சுமைக்கூலிப் பதிவேடுகளைச் சரயு நதியில் எறிந்தனர். அவ்வருஷக் கோடையில் பைன் காடுகளில் இடந்தோறும் தீ மூண்டது. இலாகாவார் சேர்த்து வைத்திருந்த பிசினும் வெந்தது. சரித்திர ஆசிரியர்கள் குறிப்பிடும் ஒரு செய்தி கவனிக்கத் தக்கது. தீ வைத்தவர்கள் பைன் ரிசர்வுகளையே நாடினார்கள். சர்க்கார் வசமிருந்த ஓக் காடுகளுக்குத் தீங்கு நேரவில்லை. கோபத்திலும் அவர்கள் தங்கள் காட்டைப் பிரித்தறிந்தார்கள்.

பஞ்சாயத்து பிறந்த கதை

அதே வருஷத்தில் சர்க்கார் ஒரு கமிட்டியை நியமித்தனர். அக்கமிட்டியார் மலைக் கிராமங்களெங்கும் சென்று 5,000-க்கு மேற்பட்ட சாட்சிகளை விசாரித்தனர். வியாபார மதிப்புக் குறைந்த காடுகளை வன இலாகாவினின்று நீக்கி ரெவினியூ இலாகாவின் கீழ் விடலாம் என்றும், அவற்றில் குடிகளுக்கு இருந்த தடைகளைத் தளர்த்தலாம் என்றும் சிபாரிசு செய்தனர். அது அவ்வாறே செய்யப்பட்டது. ஆனால் இதிலும் ஒரு குறை நேர்ந்தது. தடையை எடுத்தார்களே யன்றி, அதன் இடத்தில் வேறு ஒழுங்கு எதையும் வைக்கவில்லை. யாருக்கும் சொந்தமில்லாத காடு யாவருக்கும் வேட்டைக்காடாகி, பல இடங்களில் சரிவுகள் மொட்டையாயின. குடிகளிடம் விட்டுவிட்டால் மட்டும் போதும் என்று எண்ணுவோர் இதை மறத்தலாகாது.

இக்குறையைத் தீர்க்கவே 1931-ம் வருஷத்தில் வன பஞ்சாயத்து விதிகள் ஏற்பட்டன. சென்னை மாகாணத்திலும் 1913-ம் வருஷத்துக் காட்டுக் கமிட்டியின் சிபாரிசைத் தொடர்ந்து சில காடுகள் கிராமப் பஞ்சாயத்துக்களிடம் விடப்பட்டிருந்தன. எனினும் அம்முறை வேரூன்றி நின்றது குமாயூனிலேதான்.

பஞ்சாயத்தின் நடைமுறை மிக எளியது. கிராமத்தார் கூடிச் சில பஞ்சர்களைத் தேர்ந்தெடுப்பர். பஞ்சர்கள் தங்களுள் ஒருவரைத் தலைவராகக் கொள்வர். காட்டின் எல்லை வரையறுக்கப்படும். எந்த மாதத்தில் எந்தச் சரிவைத் திறந்து விடுவது, ஒரு வீட்டுக்கு எத்தனை சுமை தழை, விறகு எடுக்கும் நாள் எது, புல்லறுக்கும் நாள் எது என்பவற்றை அவர்களே முடிவு செய்வர். காவலாளுக்குரிய சம்பளத்தை வீடுதோறும் பணமாகவோ தானியமாகவோ சேர்ப்பர். விதியை மீறியவனுடைய அரிவாளைப் பறிமுதல் செய்வதும், அபராதம் விதிப்பதும், இணங்காவிடில் அதிகாரிகளுக்கு எழுதுவதும் உண்டு. இவை யாவும் நோட்டுப் புத்தகத்தில் பதிவாகும். சில கிராமங்களில் சம்பளக் காவலாள் இல்லை. வீட்டுக்கு ஒருவர் முறை வைத்துக் காவல் செல்வர். தழை ஒடிக்கும் நாளில் ஊரார் அனைவரும் ஒருங்கே செல்வதால், ஒருவர் கட்டு மற்றவர் கட்டைவிடப் பெரிதாயிருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். இதைவிடச் சிக்கனமான தணிக்கை ஏது?

எல்லாப் பஞ்சாயத்துக்களும் நன்றாக நடந்தன என்று கூறுவதற்கில்லை. கட்சிப் பிணக்கால் கூட்டமே கூடாதவை உண்டு. கீழ்ச் சாதியார் என ஒதுக்கப்பட்டவர்களுக்கும் பெண்களுக்கும் பஞ்சர் ஸ்தானம் நெடுங்காலம் எட்டாதிருந்தது. தழையும் விறகும் சுமப்பவர் பெண்களாயிருக்க, நாள் குறிப்பவர் ஆண்களாயிருந்தனர். இத்தனை குறைகளிருந்தும் முறை நிலைத்தது. இன்று உத்தராகண்ட மாநிலத்தில் 11,000-க்கு மேற்பட்ட வன பஞ்சாயத்துக்கள் உள்ளன. அவற்றின் காடுகளையும் வன இலாகாவின் காடுகளையும் வானத்திலிருந்து எடுத்த படங்களைக் கொண்டு ஒப்பிட்ட ஓர் ஆராய்ச்சி 2009-ம் வருஷத்தில் அமெரிக்க தேசிய விஞ்ஞான அகாடெமியின் சஞ்சிகையில் வெளியாயிற்று. பஞ்சாயத்துக் காடுகள் இலாகாக் காடுகளுக்குத் தாழ்ந்தவை அல்ல என்றும், ஒரே அளவு நிலத்தைக் காக்கப் பஞ்சாயத்து செலவிடும் தொகை இலாகாவின் செலவில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் என்றும் அது முடிவு செய்தது.

கிராமத்தாரால் மட்டும் முடியாதது

ஆயினும், கிராமம் தன் எல்லைக்குள் எவ்வளவு ஒழுங்காக நடந்துகொண்டாலும், வெளியிலிருந்து வரும் பணபலத்தின் முன் அது தனித்து நிற்க இயலாது. 1970-ம் வருஷம் அலகநந்தா நதியில் பெருவெள்ளம் வந்து பாலங்களையும் வயல்களையும் அடித்துச் சென்றது. மேலே சரிவுகளில் கண்டிராக்டர்கள் மரத்தை வெட்டியதற்கும் கீழே வெள்ளம் வந்ததற்கும் சம்பந்தம் உண்டென்று மலைநாட்டார் உணர்ந்தனர்.

கோபேசுவரம் என்னும் ஊரில் தசோலி கிராம சுவராஜ்ய சங்கம் என ஒரு ஸ்தாபனம் இருந்தது. கூலித் தொழிலாளர்கள் ஒன்றுகூடி 1960-ம் வருஷத்தில் அமைத்த கூட்டுறவுச் சங்கத்தினின்று தோன்றியது அது. சண்டி பிரசாத் பட் என்பவர் அதன் ஊக்கமிக்க ஊழியர். உள்ளூர் மரத்தைக் கொண்டு விவசாயக் கருவிகள் செய்து நாலு பேருக்கு வேலை கொடுப்பது சங்கத்தின் நோக்கங்களில் ஒன்று. இதற்காக அவர்கள் அங்கு என்னும் இலேசான, உறுதியான மரத்தில் ஒரு சிறு தொகையைக் கேட்டபோது, இலாகாவார் மறுத்தனர். அதே மரத்தை, விளையாட்டுச் சாமான்கள் செய்யும் வெளியூர்க் கம்பெனி ஒன்றுக்கு ஒதுக்கினர். ஏருக்கும் நுகத்தடிக்கும் இல்லாத மரம் பந்தாடும் மட்டைக்கு உண்டு என்றால் எவருக்குத்தான் மனம் பொறுக்கும்? 1973-ம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் மண்டல் என்னும் கிராமத்தில் ஜனங்கள் பறையறைந்து திரண்டனர். மரத்தைக் கட்டித் தழுவிக்கொள்வோம், எங்களை வெட்டிய பிறகே மரத்தை வெட்டலாம் என்று அறிவித்தனர். வந்தவர்கள் திரும்பிச் சென்றனர். தழுவுதல் என்னும் பொருளுடைய ‘சிப்கோ’ என்பதே இயக்கத்தின் பெயராயிற்று.

அடுத்த வருஷம் மார்ச்சு 26-ந் தேதி ரேணி என்னும் ஊரில் நடந்தது அதனினும் பெரிது. 1962-ம் வருஷத்துச் சீன யுத்தத்துக்குப் பின் ராணுவத்துக்காக எடுத்த நிலங்களுக்கு நஷ்டஈடு தருவதாக ஆண்களைச் சமோலிக்கு அழைத்திருந்தார்கள். அச்சமயம் பார்த்து மரம் வெட்டுவோர் காட்டை நோக்கிச் செல்வதை ஒரு சிறு பெண் கண்டு ஓடிவந்து கூறினாள். மாதர் சங்கத் தலைவியான கௌரா தேவி, இருபத்தேழு பெண்களையும் சிறுமிகளையும் அழைத்துக்கொண்டு காட்டுக்குச் சென்று வழி மறித்தார். எழுத்தறியாத அந்த அம்மையார், இக்காடு எங்கள் தாய் வீடு என்று கூறித் துப்பாக்கிக்கும் வசைமொழிக்கும் அஞ்சாது நின்றதாக அங்குள்ளோர் இன்றும் சொல்வர். கோடரிகள் இறங்கின.

இவ்விடத்தில் சர்க்காரின் பங்கும் சொல்லப்பட வேண்டும். அக்காலத்து உத்தரப் பிரதேச முதல் மந்திரி ஹேமவதி நந்தன் பகுகுணா, தாவர சாஸ்திர நிபுணரான வீரேந்திர குமார் தலைமையில் ஒரு கமிட்டியை நியமித்தார். 1976-ம் வருஷத்தில், அலகநந்தாவின் மேல் நீர்ப்பிடிப்பில் பத்து வருஷத்துக்கு மரம் வெட்டுதல் நிறுத்தப்பட்டது. 1981-ம் வருஷத்தில் மலைநாடு முழுவதிலும் 1,000 மீட்டர் உயரத்துக்கு மேல் பச்சை மரம் வெட்டுவது தடுக்கப்பட்டது. பெண்கள் ஒரு நாள் மரத்தை நிறுத்தினார்கள். வருஷக்கணக்கில் நிறுத்தச் சாஸ்திரியின் அறிக்கையும் மந்திரியின் கையெழுத்தும் வேண்டியிருந்தன.

ஆனால் அத்தடை வந்த விதம் மறுபடியும் பழைய குற்றத்தையே உடையதாயிருந்தது. கண்டிராக்டருக்கும் குடியானவனுக்கும் வேற்றுமை காணாத தடை அது. வீட்டுக்கு ஒரு உத்தரம் வேண்டியவனும், ஊருக்கு ஒரு பாதை வேண்டியவர்களும், தூரத்திலிருந்து அனுமதி வரக் காத்திருக்க நேர்ந்தது. 1980-க்குப் பின் சுமார் பத்து வருஷங்களுக்குள் அதே மலைநாட்டில் எதிர்ப்புக்காகவே மரத்தை வெட்டும் கிளர்ச்சி ஒன்றும் தோன்றியது. மரத்தைத் தழுவியவர்களின் நாட்டில் இப்படி நேர்ந்ததைக் கண்டு நகரத்தார் வியந்தனர். வியக்க என்ன இருக்கிறது?

இலாகா அதிகாரிகளுள்ளும் இதை உணர்ந்தவர் உண்டு. மேற்கு வங்காளத்தில் மேதினிபூர் ஜில்லாவைச் சேர்ந்த அராபாரியில், ஏ. கே. பானர்ஜி என்னும் வன அதிகாரி 1972-ம் வருஷத்தில் 11 கிராமங்களின் 618 குடும்பங்களுடன் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டார். தேய்ந்து போன 1,272 ஹெக்டேர் சாலக் காட்டை அவர்கள் காப்பது. பிற்காலத்தில் மரம் விற்கும் தொகையில் நூற்றுக்கு 25 அவர்களுக்கு. நட வேண்டிய அவசியமே இல்லாமல் வெட்டுண்ட அடிக்கட்டைகள் துளிர்த்துக் காடாயின. 1988-ம் வருஷத்துத் தேசிய வனக் கொள்கை, காட்டிலிருந்து வருமானம் தேடுவதைப் பின்னுக்குத் தள்ளி, அண்டி வாழ்வோரின் தேவையை முன்வைத்தது. 1990-ம் வருஷத்தில் மத்திய சர்க்கார் இவ்வகைக் கூட்டு நிர்வாகத்தை மாகாணங்களுக்கெல்லாம் சிபாரிசு செய்தனர். பெயரளவில் நின்ற கமிட்டிகள் பல. பங்கு கைக்கு வந்த இடங்களிலேயே காவலும் நிலைத்தது.

மூன்றாவதாக, நியாயஸ்தலங்களையும் விட்டுவிடலாகாது. நீலகிரி ஜில்லா கூடலூர்க் காடுகளில் மரம் வெட்டப்படுவதைக் குறித்து, நிலம்பூர்க் கோவிலகத்தைச் சேர்ந்த டி. என். கோதவர்மன் திருமுல்பாடு என்பவர் 1995-ம் வருஷத்தில் சுப்ரீம் கோர்ட்டில் ஒரு மனுக் கொடுத்தார். 1996-ம் வருஷம் டிசம்பர் 12-ந் தேதி கோர்ட்டார் கொடுத்த உத்தரவு கூடலூரோடு நிற்கவில்லை. நிலம் யாருக்குச் சொந்தமாயிருப்பினும், அகராதிப் பொருளில் காடாயிருப்பவை அனைத்தும் 1980-ம் வருஷத்து வனப் பாதுகாப்புச் சட்டத்துக்கு உட்பட்டவை என்று தீர்ப்பாயிற்று. ஒரு தனி மனிதருடைய மனு ஒரு தேசத்தின் நிலத்தை ஆள்வதாயிற்று.

2006-ம் வருஷத்து வன உரிமைச் சட்டம், காட்டில் வாழ்வோரின் அனுபோகத்தை உரிமையென ஏற்றுக்கொண்டு, அதை நிர்ணயிப்பதில் கிராம சபைக்கு முதலிடம் கொடுத்தது. அச்சட்டத்தின் வலிமை ஒரிஸ்ஸாவிலுள்ள நியமகிரி மலையில் தெரிந்தது. அங்கே அலுமினியத் தாது வெட்ட ஒரு பெரிய கம்பெனி முயன்றது. அம்மலையைத் தெய்வமாக வணங்கும் டோங்கிரியா கோண்டு மக்கள் எதிர்த்தனர். 2013-ம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் சுப்ரீம் கோர்ட்டார், இதைக் கிராம சபைகளே தீர்மானிக்கட்டும் என்றனர். ஜில்லா நீதிபதியின் முன்னிலையில் 12 சபைகள் கூடின. பன்னிரண்டும் வேண்டாம் என்றன. அடுத்த வருஷத் தொடக்கத்தில் மத்திய சர்க்காரும் அனுமதி மறுத்தனர்.

குமாயூனின் இன்றைய நிலை இவ்வளவு நம்பிக்கை தருவதாயில்லை. 2001-ம் வருஷத்திலும் 2005-ம் வருஷத்திலும் திருத்தப்பட்ட விதிகள், பஞ்சாயத்துக்களின் மேல் வன இலாகாவின் கையை முன்னிலும் ஓங்கச் செய்தன. அதனினும் பெரிய மாறுதல் ஒன்று உண்டு. பிழைப்புக்காகச் சமவெளிக்கு இறங்கிய குடும்பங்கள் பெரும்பாலும் திரும்புவதில்லை. 2011-ம் வருஷத்து ஜனக்கணக்கின்படி, உத்தராகண்டத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட கிராமங்கள் ஆளற்றவை. மாடு குறைந்த வீட்டில் சருகு வாரும் வேலை இல்லை. வாராத பைன் சருகு காய்ந்து கிடக்கிறது. 2016-ம் வருஷத்திலும், 2021-லும், 2024-லும் கோடையில் மலைகள் பற்றியெரிந்தன. 2024-ம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் நைனிதாலுக்கருகே விமானப்படையின் ஹெலிகாப்டர்கள் ஏரி நீரை மொண்டு வந்து தீயின் மேல் ஊற்றின. பஞ்சாயத்து உயிருடன் உள்ள ஊர்களில், தீ கண்டால் இன்றும் வீட்டுக்கு ஒருவர் பச்சைக் கிளையை ஒடித்துக்கொண்டு மேலே ஓடுகிறார்கள். அவர்களிற் பெரும்பாலோர் பெண்கள்.